சத்தம் கிளம்பும் இடம்

சின்ன டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் காதைக் கிழிக்கிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருகிறவர் முதலில் குனிந்து காட்டுவது சைலன்சரின் வால் குழாயைத்தான். புகை அங்கே வருகிறது, சத்தமும் அங்கே வருகிறது, ஆகவே அந்த ஓட்டையைச் சிறிதாக்கினால் போதும் என்பது அவர் கணக்கு. மெக்கானிக்குகளிலும் பலர் இதே கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். வாலுக்குள் இன்னொரு சிறு குழாயைச் சொருகிப் பற்றவைப்பார்கள், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைச் சுருட்டித் திணிப்பார்கள், இரண்டு நாள் வண்டி அமைதியாக ஓடும். மூன்றாம் நாள் ஏற்றத்தில் திணறும். இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சத்தத்தை எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். முதலில் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட், அதன் வாயில் இருக்கும் பேக்கிங், பிறகு பெண்ட் பைப், அதற்குப் பின் டப்பா, டப்பாவின் உள்ளறைகள், எல்லாவற்றுக்கும் கடைசியாக வால். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் சத்தம் நிலையாகக் குறைவதில்லை, எஞ்சின் மட்டும் நிச்சயமாகக் கெடுகிறது.

மைசூரிலிருந்து இதைச் சொல்லக் காரணம் உண்டு. டூ-ஸ்ட்ரோக் சத்தம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சத்தம். ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் யாதவகிரியில் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து 1961இல் ஜாவா வண்டிகள் வெளிவந்தன. 1973இலிருந்து அவை யெஸ்டி என்ற பெயரில் ஓடின. 1996இல் ஆலை மூடப்படும் வரை மூன்றரைப் பத்தாண்டுகள் இந்த ஊரின் தொழில் அறிவில் பெரும் பங்கு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைச் சுற்றியே சேர்ந்தது. யாதவகிரியிலிருந்து சில கிலோமீட்டரில், மானசகங்கோத்ரியில், பேச்சுக்கும் செவிக்குமான அகில இந்தியக் கழகம் 1960களிலிருந்து இயங்கிவருகிறது. செவியைப் பற்றி நாட்டுக்கே பாடம் சொல்லும் ஓர் ஊரில், காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் கொண்டுபோகும் பழைய மொபெட் ஒரு தெருவையே எழுப்பிவிட்டுப் போவதை இயல்பு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சேத்தக், கைனெட்டிக் ஹோண்டா, பழைய ஸ்கூட்டி, டிவிஎஸ் 50 ஆகியவற்றின் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் புதிதாக வருவது நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஓடிக்கொண்டிருப்பவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தசராவுக்கு முன் யானைகளையும் குதிரைகளையும் பீரங்கிச் சத்தத்துக்குப் பழக்குவதை மைசூர்க்காரர்கள் அறிவார்கள். குழாய்க்குள் அடைபட்ட உயர் அழுத்த வாயு சட்டென்று வெளிக் காற்றில் விடுபடும்போது வரும் அதிர்வு அது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் நடப்பதும் அளவில் சிறிய அதே காரியம்தான். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வு படிப்படியாகத் திறக்கிறது. இங்கே வால்வே கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள அகலமான துவாரம் ஒரே மூச்சில் திறந்துகொள்கிறது. அந்த நொடியில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக் காற்றைவிடப் பல மடங்கு. அதனால் அழுத்த அலையின் முகப்பு செங்குத்தாக, கூர்மையாக இருக்கிறது. அலையின் முகப்பு எவ்வளவு கூர்மையோ அந்த அளவுக்கு அதில் உயர்ந்த சுருதிகள் கலந்திருக்கும். அதோடு எண்ணிக்கையும் இரட்டிப்பு: நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் நொடிக்கு 42 முறை வெடித்தால், டூ-ஸ்ட்ரோக் 83 முறை வெடிக்கும். ஆக, சைலன்சரிடம் வந்து சேர்வது இரண்டு வகைச் சத்தம். நொடிக்கு எண்பது நூறு என்று அதிரும் அடிநாதம் ஒன்று, அதன்மேல் ஏறி நிற்கும் கிறீச்சென்ற மேல்நாதம் மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரே மருந்தால் இரண்டையும் குணப்படுத்தப் பார்ப்பதுதான் பல வேலைகள் பாதியில் நிற்பதற்குக் காரணம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது எஞ்சினின் ஓர் உறுப்பு. எரிந்த வாயு வெளியேறும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் சிலிண்டருக்குள் வந்துகொண்டிருப்பதால், அதில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக நழுவப் பார்க்கும். குழாயின் நீளமும் விரிவும் சுருக்கமும் சரியாக இருந்தால், அழுத்த அலை திரும்பி வந்து அந்தக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் பந்தய வண்டிகளுக்காக வால்டர் காடன் 1950களில் தேர்ந்து காட்டிய வித்தை இதுதான். ஸ்கூட்டரின் டப்பா அந்த அளவுக்குக் கூர்மையாகத் தீட்டப்பட்டதில்லை, என்றாலும் அதே விதிக்கு உட்பட்டதுதான். ஆகவே வாலைக் கண்டபடி அடைத்தால் திரும்பிப் போகக் கூடாத வாயு சிலிண்டருக்குள் தங்கும், பிஸ்டன் முகம் சூடேறும், ஒருநாள் நெடுஞ்சாலையில் எஞ்சின் சீஸ் ஆகும். அந்தச் செலவை ஒப்பிட்டால் சைலன்சர் வேலையின் கூலி ஒன்றுமே இல்லை.

இப்போது வரிசையின் முதல் இடத்துக்கு வருகிறேன். சத்தம் அதிகமான பழைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி போர்ட் வாயில் இருக்கும் பேக்கிங்தான். சிலிண்டரும் பெண்ட் பைப்பும் சேரும் அந்த இடத்தில்தான் வாயு மிகச் சூடாக, அழுத்தம் மிக அதிகமாக, அலை மிகக் கூர்மையாக இருக்கிறது. அங்கே ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும், பின்னால் இருக்கும் டப்பா முழுவதையும் அந்தச் சத்தம் சுற்றிக்கொண்டு போய்விடும். அணையில் மதகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கரையில் ஓட்டை இருந்தால் என்ன பயன்? கண்டுபிடிப்பது சுலபம். டூ-ஸ்ட்ரோக்கின் எக்ஸாஸ்டில் எரியாத எண்ணெய் கலந்திருப்பதால், கசியும் இடத்தில் கருப்பாக, ஈரமாக, விசிறி விரித்ததுபோல் ஒரு கறை படியும். எஞ்சினின் ஃபின்களில் அந்தக் கறை இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வால் குழாயைக் கெட்டியான துணியால் ஓரிரு விநாடி பொத்திப் பார்த்தாலும் போதும். கசிவில்லாத வண்டி உடனே மூச்சு முட்டி அணையப் பார்க்கும். கசிவுள்ள வண்டி வேறெங்கோ புஸ்ஸென்று சீறிக்கொண்டு ஓடும். புதுப் பேக்கிங் போடுவதற்கு முன் ஃபிளாஞ்ச் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வளைந்த ஃபிளாஞ்சில் எத்தனை பேக்கிங் வைத்தாலும் நிற்காது. கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்துவது அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு பேக்கிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்குகிறவர்கள் ஸ்டட்டின் மரையைத்தான் கழற்றுகிறார்கள்.

அடுத்தது கரி. மைசூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று இங்கே சற்று மெலிது. சமவெளிக்கு வைத்த ஜெட் அளவில் ஓடும் கார்புரேட்டர் இங்கே கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகத்தான் கொடுக்கும். அதற்கு மேல், ‘எஞ்சின் நன்றாக இருக்கட்டும்’ என்று பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றும் பழக்கம். இரண்டும் சேர்ந்து டப்பாவுக்குள் தார்போல் கரியைப் படிய வைக்கின்றன. இங்கேதான் முதல் மறுப்பு எழும்: கரி அடைத்த சைலன்சர் அமைதியாகத்தானே இருக்கிறது, சுத்தம் செய்த பிறகுதானே சத்தம் கூடுகிறது? உண்மை. கரி அடைந்த வண்டியில் வெளியேறும் வாயுவே குறைவு, வெடிப்பும் மந்தம், ஆகவே சத்தமும் குறைவு. அதை அமைதி என்று எடுத்துக்கொள்வது, மூச்சுத் திணறுகிற மனிதன் சத்தம் போடாமல் இருக்கிறான் என்று திருப்திப்படுவதற்கு ஒப்பு. கரியை எடுத்த பிறகு வரும் சத்தம்தான் அந்த வண்டியின் உண்மையான சத்தம். அளக்க வேண்டியதும் குறைக்க வேண்டியதும் அதைத்தான். வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நம்மேல்தான் பழி வரும், அதில் அவர்மேல் தப்பில்லை.

கரி எடுக்கும் முறையிலும் ஒரு தீமை ஒளிந்திருக்கிறது. விறகு மூட்டி அதில் சைலன்சரைப் போட்டுச் செந்தணலாகக் கொளுத்துவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கரி எரிந்து உதிரும் என்பது சரிதான். கூடவே தகடும் செதில் செதிலாக உதிரும். ஏற்கெனவே துருவால் மெலிந்த தகடு இன்னும் மெலிந்துவிட்டால் டப்பாவின் உடம்பே ஒலிபெருக்கி ஆகிவிடும். உள்ளே அதிரும் அழுத்தம் மெல்லிய தகட்டைத் தகரம்போல் அடிக்க, வால் வழியாக வராத சத்தமும் பக்கவாட்டில் வந்து சேரும். விலை மலிவான மாற்றுச் சைலன்சர்கள் புதிதாக இருக்கும்போதே கணகணவென்று இருப்பதற்கும் இதுதான் காரணம். 22 கேஜ் தகடு என்பது 0.7 மி.மீ. தடிமன், 18 கேஜ் என்பது 1.2 மி.மீ. சுவரின் எடை இரட்டித்தால் அதன் வழியாகக் கசியும் சத்தம் கணக்குப்படி 6 டெசிபெல் வரை குறையும். கையில் வாங்கி விரலால் சுண்டிப் பார்த்தாலே தெரியும்: மொத்தென்று ஒலித்தால் வாங்கலாம், டங்கென்று ஒலித்தால் கடையிலேயே வைத்துவிடலாம். கரிக்குக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறப்போடுவது நல்ல வழி. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது, அருகில் அலுமினியப் பாகம் எதுவும் இருக்கக் கூடாது.

கசிவு நின்றது, கரி போனது, தகடு உறுதியாக இருக்கிறது. இப்போதுதான் டப்பாவின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசலாம். சிறு குழாயில் வரும் அலை திடீரென்று பெரிய அறைக்குள் நுழையும்போது அதில் பெரும்பகுதி திரும்பிப் போகிறது. எவ்வளவு என்பது அறையின் பரப்புக்கும் குழாயின் பரப்புக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அறையின் விட்டம் குழாயைப்போல் இரண்டு மடங்கானால் அதிகபட்சம் ஆறரை டெசிபெல் குறையும், மூன்று மடங்கானால் 13, நான்கு மடங்கானால் 18. இந்த அதிகபட்சம் எல்லாச் சுருதிக்கும் கிடைப்பதில்லை. அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போதுதான் முழுப் பயன். அரைப் பங்கானால் ஒன்றுமே குறையாது, சத்தம் கதவு திறந்த வீட்டில் நுழைவதுபோல் போய்விடும். சுமார் 350 டிகிரி வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 500 மீட்டர். 15 செ.மீ. நீள அறை என்றால் நொடிக்கு 830 அதிர்வு அருகே நன்றாக அடக்கும், 1,670 அருகே கைவிட்டுவிடும். அதனால்தான் நல்ல சைலன்சரில் ஒரே அளவில் இரண்டு அறைகள் இருப்பதில்லை. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்படி நீளத்தை மாற்றி வைப்பார்கள். உள்ளே வரும் குழாயை அறையின் பாதி நீளம் வரைக்கும், வெளியேறும் குழாயைக் கால் நீளம் வரைக்கும் அறைக்குள் நீட்டிவிட்டால் இந்த ஓட்டைகளில் முக்கியமானவை தாமாகவே அடைபடும். பழைய டப்பாவைப் பிளந்து பார்த்தால் இந்தக் குழாய்களில் ஒன்று துருவில் அறுந்து உள்ளே உருண்டுகொண்டிருப்பதைக் காணலாம். வெளியே பார்க்கப் பழுதில்லாத டப்பா. உள்ளே சைலன்சரே இல்லை. அதை அதே நீளத்தில், அதே இடத்தில் திரும்பப் பற்றவைப்பதுதான் வேலை. ‘தோராயமாக’ வைத்தால் சத்தமும் தோராயமாகத்தான் குறையும்.

மேல்நாதம் இப்படி அடங்கும். அடிநாதம் அடங்காது. நொடிக்கு 83 அதிர்வு என்றால் சூடான வாயுவில் அதன் அலைநீளம் ஆறு மீட்டர், கால் பங்கு ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டர் டப்பாவை ஸ்கூட்டரில் எங்கே கட்டுவது? இங்கே வேறொரு விதி உதவுகிறது. அறையின் கொள்ளளவும் வால் குழாயும் சேர்ந்து, வாய் குறுகிய பானையில் ஊதினால் ஒலிப்பதுபோல் தமக்கென ஒரு சுருதி வைத்திருக்கும். அந்தச் சுருதிக்கு வெகு மேலே உள்ள அதிர்வுகளை இந்தச் சேர்க்கை அடக்கும், அதே சுருதியில் வருவதை உரக்கச் சொல்லும். மூன்று லிட்டர் டப்பா, 18 மி.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் கொண்ட வால் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சுருதி ஏறத்தாழ 60. எஞ்சின் 3,600 சுற்றில் ஓடும்போது நொடிக்கு வரும் வெடிப்பும் 60. ஊருக்குள் நிதானமாகப் போகும் வேகத்தில் மட்டும் சில ஸ்கூட்டர்கள் குடத்துக்குள் உறுமுவதுபோல் உறுமுவதும், வேகம் கூட்டினால் அது மறைவதும் இதனால்தான். கொள்ளளவையும் வால் நீளத்தையும் இரட்டித்தால் சுருதி 30க்கு இறங்கும். ஐடிலிங் வேகத்துக்கு மேலே போனதும் அந்த உறுமல் பின்தங்கிவிடும். கவனிக்க வேண்டியது, வாலின் விட்டத்தை நாம் தொடவே இல்லை. அடைத்துச் செய்ய நினைத்ததை நீளம் செய்கிறது. முப்பது செ.மீ. வால் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை, பாதியை டப்பாவுக்குள்ளேயே உள்நோக்கி நீட்டலாம். கொள்ளளவுக்குத்தான் இடம் வேண்டும். இந்த விஷயத்தில் யாதவகிரியில் செய்த வண்டியே நல்ல சாட்சி. பழைய ஜாவா 250இன் 65 மி.மீ. விட்ட ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு எக்ஸாஸ்ட் போர்ட், இரண்டு நீண்ட சைலன்சர். 249 சிசிக்கு அவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எஞ்சிய இடம்தான் டப்பாவுக்கு. அந்த வறுமையை மறந்துவிட்டுப் பெரிய வண்டியின் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஆனால் மலிவான மாற்று டப்பாக்களில் இருக்கும் இடத்தைக்கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் குறை.

கண்ணாடி நார் வைத்த சைலன்சர் ஏன் கூடாது என்று கேட்பார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் அது நன்றாக வேலை செய்கிறது. டூ-ஸ்ட்ரோக்கின் எண்ணெய்ப் புகையில் சில மாதங்களிலேயே நார் எண்ணெயைக் குடித்துக் கெட்டியாகி, ஒலியை உறிஞ்சும் குணத்தை இழந்துவிடும். அறைகளுக்கெல்லாம் பிறகு, வாலைச் சுற்றி, துளையிட்ட குழாய்க்கு வெளியே, திறந்து மாற்ற வசதியாக வைத்தால் மட்டும் பயனுண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: அது அடைக்கும், எரியும், துண்டு துண்டாக வெளியே பறக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ‘எதிர்பார்த்த அளவு குறையவில்லையே’ என்று தோன்றும். அதற்கு டெசிபெல் கணக்குதான் விடை. எக்ஸாஸ்ட் 80 டெசிபெல், காற்று உறிஞ்சும் சத்தம் 74, ஃபிளைவீல் விசிறி 72 என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்தால் 81.5. பெரும் பாடுபட்டு எக்ஸாஸ்டை மட்டும் பத்து டெசிபெல் குறைத்தாலும் மொத்தம் 77 அளவில்தான் நிற்கும். இதுவரை பின்னால் மறைந்திருந்த சத்தங்கள் முன்னால் வந்துவிட்டன. ஆகவே ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடியும் ரப்பரும் இருக்கின்றனவா, விசிறிக் கூட்டின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட் சட்டத்தில் நேராக இடிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதும் சைலன்சர் வேலையில் சேர்ந்ததுதான். கார்புரேட்டரும் அப்படியே. கலவை தூக்கலாக இருந்தால் ஐடிலிங்கிலும் ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சரிவில் இறங்கும்போதும் டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்காமல் விட்டு விட்டு வெடிக்கும். சீரான ஓசையைக் காது சில நிமிடத்தில் மறந்துவிடும், ஒழுங்கில்லாத அந்த ‘டிங்-டிக்’கை ஒருபோதும் மறக்காது. அதை எந்த டப்பாவாலும் சரிசெய்ய முடியாது. ஸ்குரூ டிரைவரால் முடியும்.

எதிர்வாதங்களில் வலுவானது பிக்கப் பற்றியது. டப்பாவின் உள்தடுப்பான பேஃபிளைக் கழற்றினால் வண்டி பறக்கிறது என்று இளைஞர்கள் உறுதியாக நம்புகிறார்கள். கரி அடைத்த பேஃபிளைக் கழற்றினால் வண்டி உண்மையிலேயே இலகுவாகும், ஆனால் அந்த லாபம் கரி போனதால் வந்தது. சுத்தமான பேஃபிளைக் கழற்றினால் முன்பு சொன்ன திரும்பும் அலை கலைந்து, ஊருக்குள் அதிகம் பயன்படும் நடுத்தர வேகத்தில் இழுவை குறையவே வாய்ப்பு. சத்தம் கூடுவதைக் காது வேகம் கூடுவதாக எடுத்துக்கொள்கிறது. சாமுண்டி மலைச் சாலையில் ஒரே ஆள், ஒரே கியர், ஒரே திருப்பம் என்று வைத்து இரண்டு முறை ஏறிப் பார்த்தால் சந்தேகம் தீரும். பாதசாரிக்குச் சத்தம் பாதுகாப்பு என்றொரு வாதமும் உண்டு. எக்ஸாஸ்ட் பின்னோக்கிப் பேசுகிறது. முன்னால் சாலையைக் கடப்பவருக்கு அதனால் கிடைப்பது சொற்பம், கடந்துபோன பிறகு தெருவுக்குக் கிடைப்பதே அதிகம். எப்படிச் செய்தாலும் டூ-ஸ்ட்ரோக் முழு ஊமை ஆகப்போவதில்லை. யெஸ்டி அபிமானிகள் வேறு விதமாகச் சொல்வார்கள்: அந்தச் சத்தம்தான் மைசூரின் நினைவு, அதை ஏன் குறைக்க வேண்டும்? ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று ஜாவா நாள் கொண்டாடும் அவர்களின் பாசத்தை நான் பகிர்கிறேன். ஆனால் அந்த ஆலையிலிருந்து வெளிவந்த வண்டி பேஃபிள்களோடுதான் வந்தது. நினைவில் இருப்பது அந்த முழுச் சைலன்சரின் ஆழ்ந்த ஒலி. பேஃபிளைப் பிடுங்கிய பிறகு கேட்பது நினைவில் இருந்த ஒலி இல்லை.

பழைய வண்டிகள் தாமாகவே மறைந்துவிடும், இதற்கேன் இவ்வளவு பாடு என்பவர்களுக்குச் சட்டத்தின் பக்கத்தைக் காட்டலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி எல்லா வண்டிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஆலையிலிருந்து வெளிவரும் நிலையில் 80 சிசி வரையிலான இருசக்கர வண்டிக்கு 75 டெசிபெல், 175 சிசி வரைக்கும் 77 என்று 2003இலிருந்து வரம்பு உண்டு. ஒலி விதிமுறைப்படி 2000இலிருந்து குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவித்தால் 50, 40. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒலி விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயினும் தெருவில் ஓடும் பழைய வண்டியை யார் அளக்கிறார்கள்? ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் இருக்கின்றன, சத்தம் இல்லை. வேண்டுமென்றே மாற்றிய சைலன்சர்களைப் பிடித்துப் பல நகரங்களில் ரோடு ரோலரால் நசுக்கினார்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் கசியும் பேக்கிங்கை எந்த ரோலரும் நசுக்காது. அளவீட்டு முறையிலும் ஒரு குறை இருக்கிறது. சட்டம் சொல்லும் ‘ஏ’ வகை டெசிபெல், காது தாழ்ந்த சுருதியை மந்தமாகக் கேட்கிறது என்பதற்காக, நொடிக்கு 80 அதிர்வுள்ள ஒலியில் 22 டெசிபெல்லுக்கு மேல் தள்ளுபடி செய்துவிடுகிறது. ஒலிமானியில் அடிநாதம் ஏறக்குறையக் காணாமல் போகிறது. அதுவோ சுவரையும் மூடிய சன்னலையும் தாண்டிப் போய்ப் படுத்திருப்பவரின் நெஞ்சில் தட்டுகிறது. மானியில் தேறிய வண்டியைப் பற்றியும் பக்கத்து வீட்டார் குறை சொன்னால், அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். கொள்ளளவையும் வாலையும் பற்றி மேலே அவ்வளவு விரிவாகச் சொன்னது அதற்காகத்தான்.

இந்த வேலையில் முதலில் பாதிக்கப்படும் காது மெக்கானிக்கின் காது. ஓடும் எஞ்சினுக்கு ஓர் அடி தூரத்தில் தலையை வைத்து, நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுத்தான் பழுதைப் பிடிக்கிறோம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் வரை பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது தொழில்நலக் கணக்கு. பேக்கிங் கழற்றிய எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும்போதாவது காதடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லி இளைய பையன்களை வற்புறுத்த வேண்டும். நம் தொழிலின் அளவுகோலே செவிதான்.

வேலை முடிந்த வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யக் கூடாது. வேறொருவரை ஓட்டச் சொல்லி, ஏழரை மீட்டர் பக்கவாட்டில் நின்று, கடந்துபோகும்போது கேட்க வேண்டும். சோதனைச் சாலையில் வண்டிகளை அளப்பதும் அந்தத் தூரத்தில்தான். இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கிய தெருவில் ஒருமுறை, திறந்த சாலையில் ஒருமுறை. பிறகு வண்டியைக் கொடுத்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். புதுப் பேக்கிங் நாலைந்து முறை சூடாகி ஆறும்போது அமுங்கிக் கொடுக்கும், ஃபிளாஞ்ச் நட்டுகள் கால் சுற்று தளர்ந்திருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, ஃபின்களில் கருப்புக் கறை விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.